சொடக்கு போடாத மந்திரவாதி

சின்னசேலம்,
அக்டோபர் 1987

தம்பிக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அப்பா சாவுக்கு நீ வராததைப் பற்றிக்கூட நான் எழுதியதில்லை. இதுவும் அதைப் பற்றியதல்ல. சிறுவர் பத்திரிகையில் நீ எழுதும் மாயாஜாலத் தொடரைப் பற்றியது.

வெள்ளிமலைச் சாலையில் மறியலுக்கு மரம் வெட்டிப் போட்டதாக என் மகன் அறிவுச்செல்வனைப் பிடித்துப்போனார்கள். நேற்று சிறைக்குப் போய்ப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தான். உன் தொடரைக் கொண்டுபோயிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே படித்துவிட்டுக் கேட்டான்.

“இன்னாப்பா, சித்தப்பா கதையில மந்திரவாதி ஒரு சொடக்குல அரமண கட்றான். அதே ஊர்ல வெறகுவெட்டி ஏன் பட்டினி கெடக்குறான்?”

“அவனுக்கும் வயிறு ரொம்பிட்டா மந்திரவாதிக்குப் பல்லக்கு யாருடா தூக்குவான்?” என்றேன்.

சிரித்தான்; சிரிப்பு இருமலாகிவிட்டது. “சித்தப்பா அப்படி இல்லப்பா. கோட்டையில பெரிய ஆபீசரு. ஒரு வார்த்த சொன்னா என்ன வுட்ருவாங்க. நீதான் ரோசம் பாத்துக்கினு எழுத மாட்டேங்குற.”

அவன் கைதான அன்றே உன் அண்ணி எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதினாள். பிறகும் எழுதினாள். நீ பதில் போடவில்லை. இதை அவனிடம் நான் சொல்லவில்லை. உன்னை நம்பிக்கொண்டாவது அங்கே கிடக்கட்டும்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கீழே பெயர் எழுதினால் இதுவும் ஒரு மனுவாகிவிடும். மனுக்கள் உன் மேசையில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.