மோரில் வைத்த மருந்து

சிவகாசி
புதன்கிழமை

அன்பு மகள் ஹர்ஷினிக்கு அப்பா சீனிவாசகம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளை கண்ணிலும் பட வேண்டாம் என்று உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

எடை குறைக்கிற ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தவன் எழுபத்தாறுக்கு வந்துவிட்டேன். சர்க்கரையும் போயே போய்விட்டது, அதனால் சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. தொடைச் சதை தொளதொள என்று தொங்குகிறது. சீப்பு நிறைய முடி.

விஷயத்துக்கு வருகிறேன். தினமும் பதினொரு மணிக்கு அம்மா கம்பெனிக்கு மோர் கொடுத்தனுப்புகிறாள். கொஞ்ச நாளாக அடியில் ஏதோ கரையாமல் நிற்கிறது. கேட்டால் தயிர் கெட்டி என்கிறாள். நான் என்ன பச்சைப் பிள்ளையா? ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அடுக்களையைத் துழாவினேன். உளுந்துக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பா, அதில் வெள்ளை மாவு.

ஒரு சிட்டிகை மடித்துக்கொண்டு போய் நாகையாவிடம் கொடுத்தேன். நம் கம்பெனியில் முப்பது வருஷமாக வெடிக்கு மருந்து கலக்குகிறவன். விரலில் தேய்த்தே கந்தகமா வெடியுப்பா என்று சொல்லிவிடுவான். கம்பெனிக்குள் தீப்பெட்டி ஆகாது என்று ரோட்டைத் தாண்டிக் கருவேல மரத்தடிக்குப் போய்க் கொளுத்திப் பார்த்தோம். குப்பென்று பிடிக்கவில்லை, கருகிச் சுருண்டது. இது நம்ம மருந்து இல்ல மொதலாளி, மயிரு கருகுற வாடையில்ல அடிக்குது என்றான்.

சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து ஆளை உருக்குவார்களே, அந்த இடுமருந்துதான் என்று தோன்றியது. அதில் மயிரைச் சுட்டுத்தான் கலப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அச்சாபீஸ் வைத்திருக்கும் உன் சித்தப்பா ஜெயபாண்டியிடம் சொன்னேன். நீங்க இப்படி இளைச்சதப் பாத்து மதினி மருந்து வச்சுட்டாகன்னு ஊரே பேசுது, நீங்கதான் கடைசியா கேக்குறீக என்றான். ஆபரேஷன் சமாசாரம் அவனுக்கும் தெரியாது. தின்று வளர்த்த உடம்பை வெட்டிக் குறைத்தான் என்று பஜாரில் சிரிப்பார்கள்.

உன் மாமா வெள்ளைத்துரை வேறு மாதம் தவறாமல் மதுரையிலிருந்து வருகிறார். வந்ததும் அக்காளும் தம்பியும் அடுக்களையில் குசுகுசு. கம்பெனி மேல் கண் என்று நினைக்கிறேன். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளைப் பற்றி இப்படி எழுதக் கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வரும் அமாவாசைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒருவரிடம் ஜெயபாண்டி கூட்டிப் போகிறான். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து மருந்தை வெளியே கொண்டுவந்துவிடுவாராம். உனக்கு ஏதாவது தெரிந்தால் கம்பெனி விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே.

உன்னை மட்டும் நம்பும்
அப்பா


பெங்களூர்
சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

அந்த டப்பாவில் இருப்பது பாலிலிருந்து எடுக்கிற புரதப் பவுடர். முடியும் புரதம்தான், அதனால்தான் அந்த வாடை. டாக்டரிடம் கேட்டு மோரில் கலக்கச் சொன்னது நான். வாங்கி வருவது மாமா. சொன்னால் குடிக்க மாட்டீர்கள் என்றுதான் மறைத்தோம். மாத்திரைகளை நீங்கள் ஜன்னல் வழியாக எறிந்த அன்று அம்மா எவ்வளவு அழுதாள் தெரியுமா?

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுசுக்கும் சத்து மாத்திரை வேண்டும், புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும் என்று டாக்டர் உங்கள் முன்னால்தானே சொன்னார்? வாந்தி எடுக்க வைத்தால் இருக்கிற சத்தும் போய்விடும். அமாவாசைக்கு எங்கேயும் போகாதீர்கள். புதன்கிழமை நான் வந்து உங்களை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

ஊர்ப் பேச்சு அம்மாவுக்கு மூன்று மாதமாகத் தெரியும். நம் சொந்தத்தில் கீர்த்திகா கல்யாணத்தில் அம்மா பரிமாற வந்தபோது, மருந்து வைக்கிற கை என்று இரண்டு பேர் சாப்பிடாமல் இலையை மூடிவிட்டார்கள். ஆபரேஷன் என்று நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம்டி, நாலு பேரு முன்னாடி அவுக கூசிப் போவாக என்றாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீங்கள் சந்தேகப்பட்டதே அவளுக்குத் தெரிய வேண்டாம். சித்தப்பாவிடம் மட்டும், ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். அம்மா கையால் ஊர் சாப்பிட வேண்டும், அப்பா.

இப்படிக்கு
ஹர்ஷினி