அண்ணாச்சி வீட்டுச் சுவரில் ஒரு படம்

1911 ஜூலை 8, சனி

காலையிலிருந்தே காற்று. சித்திர வகுப்பு நடக்கும் நெசவுக் கொட்டகையில் தாள் பறக்காமல் இருக்க மூலைக்கு மூலை கல் வைக்க வேண்டியிருந்தது. பச்சை வண்ணம் முழுக்கப் புழுதி.

இன்றைய பாடம்: வெள்ளையடித்த மரக் கூம்பு, பக்கத்தில் ஒரு செம்பு. போன வாரமும் இதே கூம்புதான். ஆசீர்வாதம் சார் வழக்கம்போல, "கண்ணுக்கு முன்னால இருக்கதை மட்டும் வரைங்க. மனசுல உள்ளதையெல்லாம் வீட்டுல வச்சிட்டு வாங்க." பக்கத்திலிருந்த எஸ்தர் தன் படத்துச் செம்புக்குள் ஒரு பூ போட்டாள். அழிக்கச் சொல்லிவிட்டார்.

மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ. சனிக்கிழமை ஒன்றுக்காகத்தான் வாரம் முழுக்க ஓடுகிறேன். அம்மா இதைப் படித்தால் கர்வம் என்பாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், அதுதான் சங்கடம்.

சாப்பாட்டின்போது என் கல்யாணப் பேச்சு. நாங்குநேரிப் பக்கம் சபை ஊழியம் பார்க்கும் ஒரு உபதேசியார். மனைவி இறந்துபோனவர், இரண்டு பிள்ளைகள். நல்லவராம். நான் மதராஸுக்குப் போய்ச் சித்திரம் படிக்கிறேன் என்றேன். சாமுவேல் அண்ணன் சிரித்தான். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா, அப்பா போன பிறகு இங்கே அவன் சொல்தான் சட்டம்.

"ஏளா ரெபேக்கா, வகுப்புல கைதட்டு வாங்குதது பெரிசில்ல. நம்மளைத் தெரியாத ஒரு வீட்டுக்காரன் நீ போட்ட படத்தைத் தன் வீட்டுச் சுவத்துல மாட்டட்டும். நானே உன்னை ரயிலேத்தி விடுதேன்."

"மாட்டலைன்னா?"

"உபதேசியாருக்குக் கடுதாசி எழுதிருவேன்."

சரி என்றேன். கோபத்தில் சொன்ன சரி.

ஜூலை 12, புதன்

தூறல். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. செருப்பு வார் அறுந்தது.

அதிசயம்: படம் ஒன்று கேட்டு ஆள் வந்திருக்கிறது! வண்ணார்பேட்டை அரிசி மண்டி சங்கரலிங்கம் அண்ணாச்சி. மனைவி மீனாட்சி போன ஆடியில் இறந்துவிட்டாள். தலைத்திவசத்துக்குக் கூடத்தில் படம் மாட்ட வேண்டுமாம். ஆனால் அவளுக்குப் புகைப்படமே கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை மாட்டேன் என்றிருக்கிறாள். பாவம், பிடிக்காமலே குறைந்துவிட்டது.

மகள் கோமதிக்கு அம்மாவின் ஜாடை. அவளை உட்கார்த்தி வரையலாம். ஆனால் வயசுப் பெண் வேற்று ஆணின் முன்னால் மணிக்கணக்காக எப்படி உட்காருவாள்? வரையத் தெரிந்த பெண் யார் என்று விசாரித்து, ஆசீர்வாதம் சாரிடம் வந்து, என்னிடம் வந்து நின்றிருக்கிறது. பெண்ணாய்ப் பிறந்ததற்கு முதல் தடவையாக ஒரு லாபம்.

ஜூலை 15, சனி

வகுப்புக்குப் போகவில்லை. வண்ணார்பேட்டை. கோமதி அம்மாவின் அரக்குச் சேலையில் உட்கார்ந்தாள். சுற்றி வீட்டுப் பெண்கள் கூட்டம். அண்ணாச்சியின் அக்கா, பெரிய ஆச்சி, என் தோளுக்குப் பின்னால் நின்றபடி.

அவர்கள் சொன்னவை:
மூக்கு இன்னும் எடுப்பு.
இல்லை, இதே மூக்குதான்.
நிறம் கொஞ்சம் கூட்டிப் போடு.
புருவம் சேர்ந்திருக்கும். (இரண்டு பேர் மறுப்பு.)
காது வடிந்து தோளைத் தொடும்.

கோமதிக்குக் காதை இழுத்து வடிக்கவில்லை; சின்னக் கம்மல்தான். பெரிய ஆச்சி மீனாட்சியின் காதில் தொங்கிய பாம்படத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். கனமான பொன் கட்டி, கட்டங் கட்டமாக. ஆச்சிக்கும் வடிந்த காது; காதுக்கு மட்டும் அவளையே உட்காரச் சொன்னேன். வெட்கப்பட்டாள், ஆனாலும் உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கோமதி பைய, "என்னை இவ்வளவு நேரம் யாருமே பாத்ததில்லைக்கா" என்றாள். மூக்கு நுனி சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பையும் போட்டேன்.

ஜூலை 22, சனி

முடிந்தது. ஆசீர்வாதம் சார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "உசிரு இருக்கு" என்றார். கூம்புக்காரர் வாயிலிருந்து இது! கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. திங்கள் மாலை கொண்டுபோகிறேன். ராத்திரி அம்மாவிடம் மதராஸில் தண்ணீர் உப்பாமே என்று கேட்டேன். அவள் விளக்கை இறக்கிவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஜூலை 24, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை.

கூடத்தில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். மாலையும் தயார். துணியை விலக்கினேன். பெரிய ஆச்சி மாலையோடு இரண்டடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யோ, இது நம்ம கோமதில்லா! உசிரோட இருக்க பிள்ளைக்கு மாலை போடச் சொல்லுதியா?"

எல்லாரும் பேசினார்கள். மாப்பிள்ளை பார்க்கும் சமயத்தில் இது என்ன அபசகுனம், ஆற்றில் கொண்டு விடு, இப்படி. கோமதி அழுதாள். அண்ணாச்சி மட்டும் சத்தம் போடவில்லை. "படம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இது என் மக. என் வீட்டுக்காரி இல்ல" என்றார். அதுதான் அதிகம் வலித்தது.

கண்ணுக்கு முன்னால் இருந்ததை வரைந்தேன். இருந்தவள் கோமதி. யார் காதை ஒட்டினாலும் அவள் கோமதிதான். வகுப்பில் சொன்னபடி நடந்ததற்கு இந்தப் பலன். ஒரு வீட்டில் உயிரோடிருக்கும் பெண்ணைச் சாகடித்துப் படமாக்கியிருக்கிறேன், ஆச்சி அலறும்வரை எனக்கு உறைக்கவில்லை.

படத்தை ஆற்றில் விடவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 29, சனி

பாலத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆற்றில் செந்தண்ணீர். யாரும் கூப்பிடாமல் வண்ணார்பேட்டைக்குப் போனேன். அம்மாவிடம் சொன்னது: எஸ்தர் வீடு.

அண்ணாச்சி கூடத்தில், நான் அடுக்களைப் பக்கம். மீனாட்சியின் மூக்கு எப்படி என்று கேட்டேன். யோசித்தார், யோசித்தார், முகம் கறுத்துப் போனது.

"தெரியலையேம்மா. இத்தனை வருசம் இருந்துட்டு மூக்கு தெரியலைங்கேன், பாரு. எங்க அம்மா இருந்த வரைக்கும் அவ என் முன்னால நேரா நின்னதில்ல. அப்புறம் அதே பழக்கமாப் போச்சு. அந்தா, அங்கன, அந்தக் கதவு நிலையில சாஞ்சு அடுப்பைப் பாத்துக்கிட்டே எனக்குப் பதில் சொல்லுவா. கன்னமும் காதும்தான் தெரியும். பாம்படம் ஆடுததை வச்சுத்தான் கோவமா சிரிப்பான்னு கண்டுபிடிப்பேன்."

"கோவம்னா எப்படி ஆடும்?"

"ஆடவே ஆடாது."

எழுந்து அந்தக் கதவு நிலையை மட்டும் வரைந்துகொண்டேன். எண்ணெய்த் தலை பட்டுப் பட்டு ஓரிடத்தில் மட்டும் மரம் கறுத்திருக்கிறது. அவள் உயரம் தெரிந்துவிட்டது.

கோமதி வாசல் வரை வந்தாள். "அந்தப் படத்தை ஆத்துல விட்டுட்டீங்களாக்கா?" இல்லை என்றேன். "விடாதீங்க."

ஆகஸ்ட் 5, சனி

இந்த வாரம் முழுக்கப் பள்ளி முடிந்ததும் படம். முன்னால் யாரும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. கதவு நிலை, சாய்ந்த தோள், திரும்பிய கன்னம், பாம்படம் கொஞ்சம் விலகி ஆடுகிற நிலையில். அடுப்பு வெளிச்சம் ஓரமாக.

ஆசீர்வாதம் சார்: "முகத்தையே காணும்! பரீட்சையில மார்க்கு விழாது." இது பரீட்சைக்கு இல்லை சார் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எஸ்தரின் கூம்பைத் திருத்தப் போய்விட்டார்.

மாலை கொண்டுபோனேன். பெரிய ஆச்சிதான் முதலில் பார்த்தாள். உடனே தம்பியைக் கூப்பிட்டாள். அவர் படத்தை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் பிடித்தார்.

"சிரிக்கா" என்றார்.

அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. நானும் வந்துவிட்டேன். பாலத்தில் ஆள் பார்க்கச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அண்ணன், "வா, சுவத்தைப் பாப்போம்" என்றான். நேற்று திவசம் முடிந்திருக்கும், கட்டாயம் மாட்டியிருப்பார்கள் என்று தைரியமாகப் போனேன்.

கூடத்தில் ஆணி மட்டும். சுவர் வெறுமை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கடுதாசி பாதி எழுதி முடிந்திருந்தது.

அண்ணாச்சி பாய் விரித்தார். மோர் வந்தது. அண்ணன் சுற்றி வளைக்காமல், "தங்கச்சி போட்ட படத்தைப் பாக்கத்தான் வந்தேன். மாட்டலையா அண்ணாச்சி?"

"உள்ள என் அறையில மாட்டியிருக்கேன் தம்பி."

"ஒரு நிமிசம் பாத்துக்கிடலாமா?"

அண்ணாச்சி அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது எப்படி தம்பி? அவ வேத்து ஆம்பளை முன்னால வரமாட்டாள்லா. மோர் குடிங்க."

அண்ணன் குடித்தான்.

திரும்பும்போது பாலத்தில் அதே காற்று. தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். எங்கள் கரைக்கு வந்த பிறகுதான் திரும்பினான்.

"மதராஸுக்குப் பெட்டி வேணும்லா? என் தகரப் பெட்டியை எடுத்துக்கோ."

எடுத்துத் துடைத்துப் பார்த்தாயிற்று. சட்டத்தைக் கழற்றிவிட்டால் கோமதி படம் அடியில் மடங்காமல் கிடக்கும். பூட்டுக்குச் சாவி இல்லை. கயிறு கட்டிக்கொள்ளலாம்.