கடைசி வரிசைவரை கேட்ட குரல்

அம்மா,

போனில் சொன்னால் உனக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரம் அரங்கில் நீ பார்த்த இசை நாடகத்தில் நான் தறிக்காரி வேடம் போட்டேன். எதிரில் இருப்பவரின் வாயையே உற்றுப் பார்த்தபடி, பக்கத்தில் நின்றபோதும் கத்திப் பேசினேன். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அவர்களைப் பார்த்து நீயும் சிரித்தாய்.

அது நீதான், அம்மா. முப்பது வருடம் சோமனூர் விசைத்தறிச் சத்தத்தில் நீ இழந்த காதைத்தான் நடித்துக் காட்டினேன்.

நாடகப் பள்ளியில், மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் எப்படி வந்தது என்று வாத்தியார் ஒருமுறை கேட்டார். பயிற்சி என்றேன். ஓடுகிற தறிச் சத்தத்துக்கு மேலே உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வந்த குரல் என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

சிரித்தவர்கள் உடுத்தியிருந்ததும் யாரோ காதைக் கொடுத்து நெய்த துணிதான். ஆனால் சிரிக்க வைத்தவன் நான்.

நாடகம் முடிந்து வெளியே வந்து என் கன்னத்தைத் தடவினாய். "பொம்பள வேசம் அச்சு அசலா இருந்துச்சு கண்ணு. என்ன பேசுனீன்னுதான் ஒண்ணுங் கேக்கல. வார ஞாயித்துக்கெழம நம்ம தறிக் குடோன் பொம்பளைகளயெல்லாம் கூட்டியாரேன்" என்றாய்.

கூட்டி வராதே, அம்மா. அவர்களில் சிலருக்கு இன்னும் காது கேட்கிறது.

உன் மகன்