வராதீங்க என்றேன், வரமாட்டேன் என்று எழுதினாய்

என் தோழிக்கு,

நேற்று பாப்பாரப்பட்டி சந்தையிலிருந்து திரும்பும்போது புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஒருவர் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். 'பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்க நல்ல தண்ணீர் வேண்டும். அதைத் தராமல் ஓட்டுக் கேட்டு வரமாட்டேன்.' கீழே, கட்சித் தலைவர் பெயருக்கு இடம் விட்டிருந்தார்.

தக்காளிப் பையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

காலிக் குடங்களோடு நாம் ரோட்டை மறித்த அன்று அந்தத் தலைவர் சமாதானம் பேச வந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நீதான் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாய். "பேசு புள்ள, நான் இருக்கறன்." எழுந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இந்தத் தண்ணியக் குடிச்சு எங்க புள்ளைங்க பல்லெல்லாம் கறையா இருக்குதுங்க. வாயைத் தொறந்து சிரிக்கவே கூச்சப்படுதுங்க. நல்ல தண்ணி வர்ற வரைக்கும் ஓட்டுக் கேட்டு எங்க ஊருக்கு வராதீங்க."

நீ பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டாய். நம் மகளிர் சங்கத்தில் எழுத்து உன் பொறுப்பு. என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே பேச்சு உன் கையில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினேன்.

தண்ணீர் வந்தது. அதற்கு விழா எடுத்து, விழா மலர் என்று ஒரு புத்தகமும் போட்டார்கள். மலரைத் தொகுத்தவள் நீ. முதல் பக்கத்திலேயே என் வார்த்தை, தலைவர் வாயில். 'வராதீங்க' என்ற என் கோபம் 'வரமாட்டேன்' என்ற அவர் சபதமாகியிருந்தது. உன் வூட்டுக்கு ஓடிவந்து கேட்டேன்.

"உன் பேர்ல போட்டா யாரு புள்ள படிப்பாங்க? தலைவரோட ஆளுங்க அப்படிப் போடச் சொன்னாங்க, போட்டேன். தண்ணி வந்துச்சா இல்லியா?"

வந்ததுதான். அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் வாய் திறக்கவில்லை.

போன வருஷம், தர்மபுரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என் கையைப் பிடித்தாய். "அது நீ பேசுனதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?" பேனாவைப் பிடிக்கக்கூட உன் விரலில் பலமில்லை. "இனிமே என்னத்துக்கு, வுடு" என்றேன். உன் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாக நீ நினைத்திருக்கலாம். இல்லை. நீ மனசு லேசாகிப் போய்விடக் கூடாது என்றுதான் சொன்னேன். நாலாம் நாள் போய்விட்டாய்.

நேற்று அந்தப் பெயிண்டரிடம் சொன்னேன். "தம்பி, இது நான் பேசுனதுங்க." அன்று சொன்னதை ஒரு சொல் மாறாமல் அவருக்குச் சொன்னேன். தூரிகையை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றதுதாம்மா நல்லா இருக்குது. ஆனா குடுத்த தாள்ல இப்படித்தான் இருக்குது. நீங்க பேசுனதுக்கு யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் தலைவர் பெயரை எழுதி முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தேன். உன் மேல் உள்ள கோபம் ஆறவில்லை. நீ எழுதித் தருகிறேன் என்ற அந்தத் தாளை வாங்காமல் விட்டேனே என்ற வலியும் கூடவே இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், புள்ள.