நாதியாவின் தொட்டியில் நான் வைத்த பவளம்

விருதுநகர்,
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகன் ஹாமிதுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி இருக்கிற நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த ஊர் வெக்கையைத் தாங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் முகத்தைக் கண்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். ஆமத்தூர் தவுபிக் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து வாசி.

இங்கே சீசன் சூடு பிடித்துவிட்டது. அத்தா காலையில் கிளம்பினால் சிவகாசிக் கம்பெனிகளுக்கு வெடிக்கான அட்டைக்குழாய் லோடு ஏற்றிவிட்டு மாலைதான் திரும்புகிறார், முட்டி வலிக்கிறது என்கிறார், தைலம் தேய்த்துவிடுகிறேன். மழை இல்லை, இன்னமும் லாரித் தண்ணீர்தான். உன் தங்கை முஹ்சினாவின் பிள்ளைக்குக் கீழ்ப்பல் முளைத்திருக்கிறது, எல்லாரையும் கடிக்கிறான். சேதி இவ்வளவுதான், இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். உன் பெண்டாட்டி நாதியாவின் தொட்டியில் இருந்த அந்தக் கல் பவளத்தை வாங்கி வைத்தது அவள் இல்லை. நான்தான்.

நீ பார்த்ததெல்லாம் போனில்தான், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கடல் பவளம் வளர்க்க வேண்டும் என்று பஜாரில் கண்ணாடி அறுத்து வாங்கி வந்து, பசை வைத்துத் தொட்டியை அவளே ஒட்டினாள். முதல் தடவை தண்ணீர் ஊற்றியபோது ஒரு மூலை விட்டுப்போய் கூடமெல்லாம் ஓடியது, நான் சத்தம் போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே துடைத்தாள், இரண்டாம் தடவை ஒட்டும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். சிமெண்டும் சிப்பித்தூளும் உப்பும் பிசைந்து பாறை செய்தாள், அதன் காரம் போக வாரக்கணக்கில் ஊறப்போட்டாள். குழாய்த் துண்டிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஒரு சாமான் செய்து மாட்டினாள், காற்றுக் குமிழி அழுக்கை நுரையாக மேலே தள்ளும். சோறு கொதிக்கும்போது நுரை எடுப்பீகள்ல மாமி, அது மாதிரிதான் என்றாள். வெயிலுக்குத் தண்ணீர் சூடேறாமல் இருக்க மேலே ஒரு சின்ன பேன். கெமிஸ்ட்ரி படித்த பிள்ளை அல்லவா, பட்டாசுல செவப்பு வர்றதுக்குப் போடுறாகளே ஸ்ட்ரான்சியம், அதைப் பவளமும் கொஞ்சூண்டு தின்னும் மாமி என்று ஒரு நாள் சொன்னாள், அத்தா வாயைப் பிளந்துவிட்டார். பிறகு சென்னையில் இதே வேலையாக இருக்கிற ஒரு அம்மா அனுப்பியது என்று ஒரு பொட்டலம் வந்தது. சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பாக நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன, இதுவா பவளம் என்று கேட்டேன். மறுநாள் விளக்குப் போட்டதும் ஒவ்வொன்றும் மெல்ல விரிந்தது, உள்ளே பச்சையாக ஒரு வாய், சுற்றிலும் மயிர் மாதிரி விரல்கள். பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கிப் போனது. அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் அதன் முன்னால்தான் உட்கார்ந்து கீரை ஆய்வோம். கல்லு மாதிரி வளர்ற பவளம் நமக்கு வேண்டாம் மாமி, கடல்ல இருந்து பேத்தெடுக்கிறது சட்டப்படி குத்தம், இந்த மெத்துனதே போதும் என்று அவள் அப்போதே சொல்லியிருந்தாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல வழியில்லை.

முஹ்சினாவின் மாமியார் ஒரு நாள் வந்தவர், தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, மீனே இல்லாத தொட்டிக்கா இம்புட்டுக் கரண்டு செலவு, சம்பந்தி வீட்டுல காசு கொட்டிக் கிடக்கு போல என்று சிரித்தார். நாதியாவும் கூடச் சிரித்தாள், எனக்குத்தான் சுருக்கென்றது. அவர்கள் மறுபடியும் விருந்துக்கு வருவதாக இருந்தது. நம் தெருவுக்குக் கருவாடு கொண்டுவருகிற தனுஷ்கோடி என்பவர் கடற்கரை ஊர்க்காரர், அவரிடம் கலரா ஒண்ணு கிடைக்குமா என்று வாய்விட்டேன். நாதியா சாத்தூருக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஈரச்சாக்கு போட்டு மூடி ஒரு வாளியில் கொண்டுவந்துவிட்டார், யாருட்டயும் மூச்சு விட்றாதீக தாயி என்றார். மான் கொம்பு மாதிரி கிளை, நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறம். அடிப்பக்கம் உடைத்தெடுத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளையைப் பார்த்தும் நான் அதை வாங்கித் தொட்டியில் வைத்தேன் ஹாமித்.

நாதியா வந்து பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இத எங்கன வாங்குனீக மாமி, இது கூடாது மாமி, நாமளே வனத்துறைக்குப் போன் போட்டுக் கொடுத்துருவோம் என்றாள். விருந்து முடியட்டும் புள்ள, அதுக்குப் பெறகு உன் இஷ்டம் என்று அவள் தாடையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவள் மனமில்லாமல் விட்டாள். விருந்தன்று எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள், முஹ்சினாவின் மாமியார் மாஷா அல்லாஹ் என்றார், எனக்குத் தலை கால் புரியவில்லை. போதாததற்கு நானே வீடியோ எடுத்துச் சொந்தக்காரப் பெண்கள் குரூப்பில் போட்டேன். அது எங்கெங்கோ சுற்றி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

வனத்துறை ஜீப் வந்து நின்றதும் தெருவே வாசலில் கூடிவிட்டது, அத்தா சிவகாசியில் இருந்தார். தொட்டி யாருது என்று அதிகாரி கேட்டார், நான் செஞ்சது சார் என்றாள் நாதியா. இந்தப் பவளத்த வாங்குனது யாரு என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாசலில் நின்ற அத்தனை முகமும் கண்ணுக்குள் நின்றது. கொஞ்ச நேரம் அவள் காத்திருந்தாள், பிறகு, தொட்டியில இருக்கிற எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் பேரில் கேசு எழுதி, அந்தக் கல் பவளத்தை மட்டும் வாளியில் எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எதிர்வீட்டு செல்வலட்சுமி, படிச்ச புள்ள இப்படிச் செய்யலாமாக்கா என்றபோது, என்ன செய்ய, காலம் அப்படி இருக்கு என்று நானும் தலையை ஆட்டினேன். நாதியா அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். அன்று மாலை நீ போனில் அவளைப் பேசியது எனக்கும் கேட்டது. குடும்ப மானத்தை வாங்கிட்டேல்ல, உன்னைய இங்க கூப்புடுற விசா வேலையெல்லாம் இனி பெறகு பாத்துக்கலாம் என்றாய். சரிங்க என்றாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் அண்ணன் வந்து சாத்தூருக்குக் கூட்டிப் போனார். போகும்போதும், தெனமும் குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க மாமி, உப்புத்தண்ணி ஊத்திராதீக, தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு அங்கனயேதான் கிடக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லாம் சுருங்கிக் கிடந்தது, தண்ணீரில் அசைவில்லை. எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது என்று வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டதும் எடுத்துவிட்டாள். பதறாதீக மாமி, பம்ப நிறுத்திட்டுக் கழட்டிப் பாருங்க, பாறையில ஊர்ற நத்தை மாட்டியிருக்கும் என்றாள். அப்படியே இருந்தது. எடுத்துப்போட்டதும் ஓட ஆரம்பித்தது. சாப்பிட்டீகளா மாமி என்று கேட்டாள். நான் அவள் மேல் இத்தனையும் ஏற்றிவிட்டிருக்கிறேன், அவள் என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அத்தா வந்ததும் சொல்லிவிட்டேன். நீயா சம்சாத் என்றார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாள் லோடு வேலையை விட்டுவிட்டு அவரே என்னை வனத்துறை ஆபீசுக்குக் கூட்டிப் போனார். நடந்ததை எழுதிக் கொடுத்தேன், கருவாட்டுக்காரர் பேரையும் மறைக்கவில்லை. கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும்மா, அந்தப் பொண்ணு பேரை எடுக்கச் சொல்லி நான் எழுதுறேன், முடிவு பண்றது கோர்ட்டுதான் என்றார் அதிகாரி. அந்தப் பவளம் என்ன ஆச்சு சார், திரும்பக் கடல்ல விட்டுட்டீகளா என்று கேட்டேன். கடற்கரை போய்ச் சேர்றதுக்குள்ள வெளுத்துப்போச்சும்மா, பிழைக்கல என்றார். எத்தனை வருசம் வளர்ந்ததோ, நாலு பேர் மாஷா அல்லாஹ் சொல்வதற்காக நான் அதைக் கொன்றேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன், அத்தா தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராகச் சாத்தூர். அவள் அம்மா வாங்க என்று சொல்லவில்லை, நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாதியாதான் உள்ள வாங்க மாமி, வெயில்ல நிக்காதீக என்று கூட்டிப் போனாள். எல்லார் முன்னாலும் சொன்னேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துக்கொள் என்றேன். அவள் கையை இழுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. கேசு வந்தது எனக்குப் பெருசில்ல மாமி, நான் உங்களப் பாத்தேன், நீங்க கீழ குனிஞ்சுக்கிட்டீக, அதத்தான் என்னால மறக்க முடியல என்றாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அத்தாதான் கேட்டார். வர்றேன் மாமா, ஆனா அவுக என்னையப் பேசுனதுக்கு அவுகதான் பதில் சொல்லணும் என்றாள். அவுக என்றது உன்னைத்தான். அது நியாயம் என்று அத்தாவும் சொல்லிவிட்டார்.

இத்தனை நாளும் உன்னைப் பொய்யை நம்ப விட்டவள் நான், ஆனாலும் அவளிடம் என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிர்வீட்டு செல்வலட்சுமியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன், பெண்கள் குரூப்பிலும் என் குரலிலேயே பேசிப் போட்டுவிட்டேன். முஹ்சினாவின் மாமியார் இன்னும் ஒரு பதிலும் போடவில்லை, போடாவிட்டால் போகட்டும். நேற்றுத் தெருவில் நடந்தபோது இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், எனக்கு அது வேண்டியதுதான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பொறுமையையும் நல்ல நாவையும் தரட்டும், உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைக்கட்டும், உன் தாயின் பிழையைப் பொறுத்துக்கொள்ளட்டும். எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிடாதே, கண்ணைப் பரிசோதித்துக்கொள். இதை வாசித்ததும் எனக்குப் போன் போடாதே, அவளுக்குப் போடு. எடுக்காவிட்டால் திரும்பவும் போடு. எடுத்ததும் அம்மா எழுதியிருந்தாங்க என்று மட்டும் ஆரம்பிக்காதே. அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்காதே, நீயாகக் கேள்.

உனக்காக எப்போதும் துஆ செய்யும்,
உன் அம்மா
சம்சாத்

அத்தா இதை முழுக்க வாசித்துவிட்டார். ஒரு வரியைக்கூட அடிக்கச் சொல்லவில்லை.