மொட்டைமாடியில் ஒரு அயோட்டா

திருமுல்லைவாயில்,
கத்திரி வெயில்.

புனே மாநகரில் குடித்தனம் நடத்தும் அக்கா மகள் லாவண்யாவுக்கு, மொட்டைமாடித் தளபதியும் காக்கைக் குலத்தின் பரம எதிரியுமான உன் மாமன் எத்திராஜ் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில்தான் கொஞ்சம் ஓவர். நேற்று ஆவடி ஏரி கொதித்து, மீனெல்லாம் குழம்பாகவே கரையேறிவிட்டது.

போனில் சொல்லியிருப்பேன். நான் போனை எடுத்தாலே உன் அம்மாவின் காது பட்டாபிராம் வரை நீள்கிறது. அதனால்தான் தபால்.

போன வாரம் நீ கேட்டாயே, "அம்மாவுக்கு என் மேல் ஒரு அயோட்டா பாசமாவது மிச்சம் இருக்கிறதா" என்று. பாசம் எனக்குத் தெரியும், அயோட்டா தெரியாது. அம்பத்தூர் நூலகத்தில் யானைக்குட்டி எடையுள்ள அகராதியை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, நான் புரட்டினேன். கிரேக்க எழுத்துகளில் ஒன்றாம் அது. இருப்பதிலேயே பொடிசு, ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அதனால் துளியூண்டு என்பதற்கு இங்கிலீஷ்காரன் அந்த எழுத்தின் பெயரையே வைத்துக்கொண்டானாம். ஒற்றை எழுத்துக்கா இத்தனை அலைச்சல் என்று வீடு திரும்பினேன்.

மறுநாள் அக்கா மாடியில் வேட்டியை விரித்துக் கூழ்வடாம் பிழிந்தாள். காவலுக்கு நான். காக்கையை முந்திக்கொள்வது என் வழக்கம், உனக்குத் தெரியும். ஓரத்தில் அரைக்காய்ச்சலாய் இருந்த ஒன்றின் மேல் கை வைத்தேன்.

"டேய் எத்திராஜ், அத்த மட்டும் தொடாத. அது அவளுது."

படிக்கட்டில் அக்கா. குனிந்து பார்த்தேன். சின்ன வயசில் முதல் வடாத்தை உன் எழுத்தாகப் பிழியச் சொல்லி அடம்பிடிப்பாயே, அதே 'லா'. துணைக்கால் உட்பட.

நீ பிரசன்னாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன இந்த இரண்டு வருஷமாக அவள் உன் பெயரைச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "இன்னா பாக்கற, காக்கா வருது பாரு" என்று என்னைத் திட்டிவிட்டு இறங்கிப் போனாள். வானத்தில் ஒரு காக்கையும் இல்லை.

இப்போது அது தனி டப்பாவில், சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஒடஞ்சிடும்" என்றாள்.

காக்கையிடமிருந்து அதைக் காப்பாற்றிவிடுவேன். என்னிடமிருந்து எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வந்து சேர். இருவரும் நன்றாக இருங்கள்.

பசியோடு காவல் நிற்கும்
உன் மாமன்,
எத்திராஜ்.