லேத்துக்கும் ஒரு பங்கு வைத்த கூட்டாளிக்கு

மாமு,

காலையில் பக்கத்துப் பட்டறைக்காரன் ஒரு டீசல் இஞ்சினைப் பிரித்துப்போட்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். வாசனை மூக்கில் ஏறியதும், நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன். காசிமேட்டில் எல்லோர் மேலும் மீன் வாசனை அடிக்கும். உன் மேல் மட்டும் மண்ணெண்ணெய். உன் கல்யாணத்தன்று மாதா கோயிலில் போட்ட சாம்பிராணியைக்கூட அது தோற்கடித்தது. மெழுகுவர்த்தியை உன்னிடமிருந்து தள்ளிப் பிடிக்கும்படி பாதரே சொன்னார் என்று இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுத்துப் பேச நீ வரமாட்டாய் என்கிற தைரியம்தான்.

ஹார்பரில் ஃபிட்டர் வேலையை நீ உதறினாயே, அது என்ன சாதாரணக் காட்சியா? எந்த ராஜா முடி துறந்தபோதும் அவ்வளவு பேர் வாய் பிளந்திருக்கமாட்டார்கள். "எவன் முன்னாலயும் கைகட்டி நிக்கமாட்டேன் மாமு. நீயும் நானும் சொந்தமா பட்டறை போடுறோம்" என்றாய். இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நானும் பேனாவை வீசிவிட்டு வந்தேன். ஏலத்தில் இரும்பு கடைகிற ஒரு பழைய இங்கிலாந்து லேத்தைப் பிடித்தோம். புதுப் படகுக்குச் செய்வதுபோலவே அதற்கு மாலை போட்டு, பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கவைத்து, சவரிமுத்து என்று பெயரும் வைத்தாய்.

வரிசையாக விசைப்படகுகள் வைத்திருந்த ஒரு முதலாளி, தன் இஞ்சின் வேலை முழுவதையும் நமக்கே தருவதாகச் சொன்னார். மழைக்காலம் முடிவதற்குள் நாம் முறையாகப் பதிவு செய்த கம்பெனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தவறினால் வேலை வேறு பட்டறைக்கு. நீ மறுபடி ஹார்பர் வாசலில் கைகட்டி.

பிராட்வேயில் ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பேசின் பிரிட்ஜ் யார்டில் நின்ற கூட்ஸ் வண்டிகள் தாமாகவே நகர்ந்திருக்கும்.

"இன்னா மாமு, உன்னிய எனக்குத் தெரியும், என்னிய உனக்குத் தெரியும். நடுவுல கறுப்பு கோட்டு மாட்டிகினு ஒருத்தன் இன்னாத்துக்கு?"

"சட்டம்னு ஒண்ணு கீதே மாமு."

"கப்பல் இஞ்சினையே பிரிச்சி மாட்டுறோம். ஒரு பேப்பரு எழுத முடியாதா?"

முத்திரைத்தாள் வாங்கிவந்து நீயே எழுதினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இடம் கிடைத்த இடத்திலெல்லாம் 'மேற்படி' என்று ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தேன். உங்கள் குப்பத்தில் பிடித்த மீனைப் பங்கு போடும்போது ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று வைப்பார்கள் அல்லவா? நமக்கும் அதே கணக்கு. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, சவரிமுத்துவுக்கு ஒன்று. கல்லில் வெட்டியிருந்தால் ஆயிரம் வருஷம் நின்றிருக்கும். தாளில் எழுதியதால் பதிவு ஆபீசில் ஒரு காலைப்பொழுதுகூட நிற்கவில்லை.

குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மூணு பார்ட்னரா? சவரிமுத்து எங்கே?"

"பட்டறையில கீறாரு சார்" என்றாய்.

"வயசு என்ன?"

"கரெக்டா தெரியாது சார். சீமையில பொறந்தவரு."

"வெளிநாட்டுக்காரரா? அப்போ டெல்லிக்கு எழுதணுமே! தொழில் அனுபவம் உண்டா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட! சண்டை நேரத்துல கப்பல் சாமானா கடஞ்சி தள்ளினவரு."

குமாஸ்தாவின் குரலில் மரியாதை ஏறிவிட்டது. "அப்படிப்பட்டவரை நேர்ல பார்க்கணும். நாளைக்குக் கையெழுத்துப் போட அழைச்சிண்டு வாங்கோ."

"தூக்கியார ஆறு பேரு வேணும் சார். அதுக்கு முன்னால அடியில போல்ட்டு கயட்டணும்."

"போல்ட்டா?"

"லேத்து மிசினு சார்" என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில், ஹார்பரில் நின்ற கப்பல் ஒன்று சங்கு ஊதிவிட்டார்கள் என்று நினைத்துக் கிளம்பியே போய்விட்டது.

உன் வீட்டுக்கு வந்தால் அங்கே உன் மனைவி. நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"இன்னாயா, மிசினுக்குப் பங்கு எழுதிட்ட. நானும் புள்ளிங்களும் யாரு? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சின்னா எங்க பேரு அதுல எங்க கீது?"

நீ சவரிமுத்து மாதிரியே நின்றாய். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நாளைக்கே இந்தாள வக்கீலாண்ட இட்டுகினு போ."

தூண்டிலில் மாட்டிய வஞ்சிரம் மாதிரித் துள்ளித் துள்ளித்தான் பிராட்வேக்கு வந்தாய். வக்கீல் நம் பத்திரத்தைப் படித்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, இயந்திரம் பங்குதாரர் ஆக முடியாது, ஆனால் லாபத்தில் ஒரு பகுதியை அதன் பராமரிப்புக்கென்று ஒதுக்கலாம், இருவரில் யாரும் அதைத் தொடக்கூடாது என்று இரண்டே வரியில் எழுதினார். உன் முகத்தில் கலங்கரை விளக்கமே எரிந்தது. அடுத்த கேள்வியில் அணைந்தது.

"உங்களில் ஒருவர் இறந்துபோனால்?"

"இன்னும் தொறக்காத பட்டறைக்கு சாவ எழுதுறியே, நல்லாருக்குதா சார்?"

"நல்லது நடந்தால் நான் எதற்கு? இருப்பது இரண்டே பேர். ஒருவர் போனால் கூட்டு அதோடு முடிந்தது. போனவருடைய மனைவியைச் சேர்த்துக்கொண்டுதான் தொழிலைத் தொடர வேண்டும் என்று இப்போதே எழுதிவைத்தால், அந்த அம்மாவை யாரும் வெளியே தள்ள முடியாது."

நீ மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து வக்கீலின் கையில் வைத்தாய். உன்னை அறிந்த காலத்தில் வெளியாள் ஒருவர் சொல்லை நீ கேட்டது அதுதான் முதல் தடவை. காசிமேட்டுக் கடலே அலையடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்திருக்கும்.

"எழுது சார்" என்றாய். "ஆனா மொதக் கையெழுத்து இவன் போடட்டும். மேல போறதுக்கு மொதல்ல டிக்கெட்டு வாங்கப்போறவன் இவன்தான்."

சாம்ராஜ்யத்தையே எழுதிக்கொடுக்கும் சக்கரவர்த்திபோல நான் போட்டேன். மழை ஓய்வதற்குள் பதிவு வந்தது. பின்னாலேயே முதல் இஞ்சினும் வந்தது. அதற்குப்பின் நீ எவன் முன்னாலும் கைகட்டி நின்று நான் பார்க்கவில்லை, உன் மனைவி முன்னால் தவிர.

டிக்கெட் வரிசையில் மட்டும் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் நுழைந்துவிட்டாய். உன் அடக்கப் பூசை முடிந்த கையோடு படகு முதலாளி வந்து, "கூட்டாளியும் போயிட்டாரு. கம்பெனி இனிமே..." என்று இழுத்தார். உன் மனைவியை அதே வக்கீலிடம் அழைத்துப்போனேன். சாவை எழுதியதற்காக நீ திட்டிய அந்தப் பத்தியை அவர் படித்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் முதலாளியின் படகு இஞ்சின் வாசலில் வந்து இறங்கியது.

இப்போது எனக்கு முன்னால் அவள்தான் ஷெட்டைத் திறக்கிறாள். "இன்னாண்ணே, இஷ்டத்துக்கு வந்து போறதுக்கு இது இன்னா சினிமா கொட்டாயா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொள்கிறாள். நீ இருந்தவரை ஒரு நாளும் நேரத்துக்கு வராத நான், விடிந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே காலடிப்பேட்டை வீட்டிலிருந்து ஓடுகிறேன். ஏன் இப்படி ஓடுகிறாய் என்று எதிரில் வருகிறவர்கள் கேட்டால், "பார்ட்னர் காத்துகினு கீறாரு" என்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டு ஓடுகிற அந்தக் கொஞ்ச தூரம், பட்டறையில் காத்திருப்பது நீதான்.